கல்யாணக் கவுனும் மேல்காற்றும்

என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் ஒரே எதிரி மேகம். மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கிற எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு. வானம் மூடினால் முகம் சுருங்கிவிடும், மழை வரும் என்று ரேடியோ சொன்னால் ரேடியோவுக்குத் திட்டு விழும். வெயில் சுள்ளென்று அடித்து மேல்காற்று வறண்டு வீசுகிற அன்றைக்கு மனுஷன் புது மாப்பிள்ளை மாதிரி நடப்பார். இந்தக் குணத்தைக் கிரேக்க நாடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வருவார் என்று தெரிந்திருந்தால் அவரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருப்பேன்.

2005இல் நான் ஆரோவில்லில் ஒரு தையல் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நடத்தியவர் ஒரு பிரெஞ்சுக்காரப் பெண்மணி. பல வருஷமாக இங்கேயே இருந்ததால் எங்களைவிட நன்றாகத் தமிழில் சண்டை போடுவார். நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நாற்பது தாண்டிய பிறகு அக்காவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை கிரேக்கர், ஒரு சின்னத் தீவுக்காரர். கவுனை நீதான் தைக்க வேண்டும், நீதான் கையில் எடுத்து வர வேண்டும் என்று சொல்லி, எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டு அக்கா முன்னால் போய்விட்டார்.

தந்த நிறப் பட்டு. கீழ்க் கரை முழுக்க மல்லி மொட்டு, ஒவ்வொன்றும் கையால் போட்டது. இரண்டு மாசம் வீட்டுக்குக் கொண்டுவந்து உட்கார்ந்து தைத்தேன். பக்கத்தில் படுத்துக்கொண்டு மேகம் பார்த்த என் வீட்டுக்காரர் ஒருநாள்கூடத் திரும்பி அதைப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டாலும் வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. ஆடி மாசத்தில் எவனாவது கல்யாணம் பண்ணுவானா, இது விளங்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் சும்மா வருகிற விமானத்தை விடுகிற ஆள் இல்லை. போன டிசம்பரில் வந்த சுனாமி அலை கழிமுகம் வழியாக ஏறி உப்புப் பாத்தியெல்லாம் சேறாக்கிவிட்டதால், அந்த வருஷம் வேலையும் பாதிதான். மிச்சப் பாதியைத் தம்பி தலையில் கட்டிவிட்டு, புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

ஏதென்ஸில் ஏறின கப்பல் எங்கள் தெருவைவிட நீளம். வயிற்றுக்குள் லாரி, கார் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டது. ஒவ்வொரு தீவு வந்ததும் பின்பக்கக் கதவு இறங்கும், கதவு தரையைத் தொடுவதற்குள் ஜனங்கள் மூட்டையோடு பாய்வார்கள். பொங்கலுக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரிதான் இருந்தது. நான் கவுன் பெட்டிக்கு ஒரு சீட் பிடித்து அதைக் காவல் காத்தேன். கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்த என் வீட்டுக்காரர் ஐந்து மணி நேரமும் பிளாஸ்டிக் பைக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நடுவில் ஒரு பெரிய தீவில் இறங்கி, சாயங்காலம் வேறு கப்பல் ஏற வேண்டும். கல்யாணம் மறுநாள் மாலை ஆறு மணிக்கு. இறங்கின இடத்திலேயே இவர் தரையில் உட்கார்ந்துவிட்டார், இன்னொரு கப்பல் ஏற முடியாது என்றார். பிறகு மெல்ல எழுந்து கடல்தண்ணீரை முழங்கையில் தெளித்துக்கொண்டு நின்றார். உப்பளத்துக்காரர்கள் காற்றைச் சோதிக்கிற வழி அது. இரண்டே நிமிஷத்தில் தண்ணீர் காய்ந்து கையில் உப்பு வெள்ளையாகப் பூத்தது. அவர் முகத்தில் உயிர் வந்தது.

"பாரு, இன்னா காத்து! ஒரு பொட்டு மேகம் இல்ல. நாளைக்கு இதைவிட நல்லா அடிக்கும். காலைல மொத கப்பல்ல போயிடலாம்."

டிக்கெட் ஜன்னலில் இருந்த பெண் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. நாளைக்குக் காற்று, காற்று என்று இங்கிலீஷில் இரண்டு தடவை சொன்னாள். இவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டி, "வின்ட், வெரி குட்" என்றார். நானும் களைத்துப் போயிருந்தேன், சரி என்று தலையாட்டினேன். அதை இன்றுவரை அவரிடம் ஒப்புக்கொண்டதில்லை.

காலையில் போனால் கப்பல்களெல்லாம் கயிற்றில் கட்டிக் கிடந்தன. காற்று அதிகம், இன்றைக்கு எதுவும் புறப்படாது என்றார்கள். அந்த ஊர் ஜனங்கள் பழக்கப்பட்டவர்கள், நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். இவருக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. புதுச்சேரி துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் வானம் கறுத்திருக்கும், மழை கொட்டும். இங்கே பளிச்சென்ற நீல வானம், உப்பு விளைகிற வெயில். இதற்குப் போய் எவனாவது கப்பலை நிறுத்துவானா என்று கட்டிக் கிடந்த ஒவ்வொரு கப்பலாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். என் துப்பட்டா பறந்துபோய்க் கொடிக்கம்பத்தில் மாட்டிக்கொண்ட பிறகுதான் வாயை மூடினார்.

அக்காவுக்குப் போன் போட்டேன். பரவாயில்லை, நாத்தனார் கவுன் ஒன்று இருக்கிறது, கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும், அவ்வளவுதான் என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னை உலுக்கியது. சாயங்காலம் ஆறு மணிக்கு லாட்ஜ் கட்டிலில் கவுனை விரித்து வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். இவர் ஆடி மாசத்தைக் காரணம் சொல்ல ஆரம்பித்தார். ஆடியும் இல்லை, சாமியும் இல்லை, எல்லாம் உன் முழங்கைதான் என்றேன். கல்யாணமான பிறகு அவரை நான் ஒருமையில் பேசினது அன்றைக்குத்தான்.

மறுநாள் காற்று கொஞ்சம் இறங்கியது, கப்பல் விட்டார்கள். தனித்தனி வரிசையில் உட்கார்ந்து போனோம். தீவில் அக்கா முகத்தில் கல்யாணக் களையோடு கைலி கட்டிக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "அழாதம்மா. நாளைக்கு நாங்களும் உங்க கூடத்தான் கப்பல்ல வர்றோம். அப்ப போட்டுக்கறேன். சர்ச்ல முப்பது பேர்தான் பாத்தாங்க, கப்பல்ல முந்நூறு பேரு பாப்பாங்க" என்றார்.

சொன்னபடி கவுனைப் போட்டுக்கொண்டே கப்பல் ஏறினார். ஜனங்கள் எழுந்து கை தட்டினார்கள். மேல்தளத்துக்குப் போய் நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். அலை தெறித்துத் தளமெல்லாம் உப்புத்தண்ணீர், கவுனோ தரையில் புரளுகிற நீளம். நான் எழுவதற்குள் என் வீட்டுக்காரர் குனிந்து கவுனின் கரையை இரண்டு கையிலும் அள்ளித் தூக்கிக்கொண்டார். உப்புத்தண்ணீர் பட்டால் பட்டுத்துணி பாழாகிவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரில் பொண்டாட்டி புடவையைக் கொடியிலிருந்துகூட எடுக்காத மனுஷன், அக்கா நடந்தால் பின்னால் நடந்தார், நின்றால் மண்டி போட்டார். இந்தியாவில் இது ஒரு சடங்கு போல என்று நினைத்து வெள்ளைக்காரர்கள் போட்டோ எடுத்தார்கள்.

இரண்டு மணி நேரம் அப்படியே இருந்தார். நடுவில் ஒரு தடவை கரையை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இந்த மொட்டெல்லாம் மிஷின்ல போட்டது இல்லையா? நீயா கையால போட்ட?"

ஆமாம் என்றேன். அவர் ஒவ்வொரு மொட்டாக எண்ண ஆரம்பித்தார். துறைமுகம் வந்து கதவு இறங்குகிற வரைக்கும் அவர் வானத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.