நாங்கள் போகாத பப்

பழைய கம்பளத்தில் ஊறிய பியரின் மணம், புளித்த மாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் போன்ற அந்த மணம், மரப்படிகளில் எங்களுக்கு முன்னால் ஏறிப்போய், மேலே சரஸ்வதி படத்துக்குக் கொளுத்திய சாம்பிராணியோடு கலந்து, சனிக்கிழமைப் பின்னேரங்களில் எங்கள் சட்டையிலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொண்டு பிளேஸ்டோவில் இருந்த எங்கள் வீடுவரைக்கும் வரும். அம்மா எங்களைக் குளிக்க வார்த்த பிறகுதான் சாப்பாட்டுக் கோப்பையைத் தொடவிடுவார். அது என்ன மணம் என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்கக்கூடாத சாமான்கள் எவை என்று அகதி வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

லண்டனும் ஒரு துறைமுகப் பட்டினம் என்பதை இன்று யாரும் நினைப்பதில்லை. நாங்கள் வந்து இறங்கியபோதே கப்பல்கள் நின்றுபோயிருந்தன. தண்ணீர் மட்டும், போக வழி தெரியாமல், பெரிய தொட்டிகளில் கறுத்துக் கிடந்தது. மூட்டை இறக்கிய ஆட்களுக்காகக் கட்டிய அந்தப் பப், நங்கூரம் வரைந்த பலகையைத் தொங்கவிட்டுக்கொண்டு, இனி வரப்போகாத ஆட்களுக்காக ஒவ்வொரு நாளும் கதவைத் திறந்தது. வந்தவர்கள் ஐந்தாறு கிழவர்கள். செத்துப்போன கூட்டாளிகளின் கதிரைகளை வெறுமையாக விட்டு இடைக்கிடை உட்காருவார்கள். அதனால் ஆறு பேரே அந்தக் கூடத்தை நிறைத்துவிடுவார்கள்.

அதை நடத்திய மோறீன் அந்த மாடியிலேயே பிறந்தவர். தகப்பனுக்குப் பிறகு அவர். கட்டடம் ஏதோ ஒரு கம்பனிக்குச் சொந்தம், பின்பக்கத்து இரண்டு அறைகள் மோறீனின் வீடு, முன்பக்கத்துப் பெரிய அறை ஒரு காலத்தில் துறைமுகத்து ஆட்கள் கூட்டம் போட்டுச் சண்டைபிடித்த இடம். தமிழ் வகுப்புக்கு இடம் கேட்டு எங்கள் ஆட்கள் ஏறி இறங்கிய பள்ளிக்கூடங்களும் கோயில்களும் கைவிரித்தபோது, அப்பாதான் மோறீனிடம் கேட்டு அந்த அறையை எடுத்துத் தந்தார். அப்பாவுக்கு மோறீனை எப்படித் தெரியும் என்று அம்மா ஒருநாளும் கேட்கவில்லை. கதிரைகளைத் திரும்ப அடுக்கிவைக்க வேண்டும், தனக்கு இரண்டு மீன் ரோல்ஸ் எடுத்துவைக்க வேண்டும், மோறீன் கேட்டது அவ்வளவுதான்.

அந்த அறைக்கு எங்கள் பெயர் "ஹோல்", அதாவது மண்டபம். சனிக்கிழமைகளில் வகுப்பு, பிறகு நவராத்திரி, பிறந்தநாள், என் அக்கா பெரியபிள்ளையானபோது வைத்த சாமத்தியச் சடங்கு, ஊரில் செத்துப்போனவர்களுக்கு இங்கே வைத்த அந்தியேட்டிச் சாப்பாடு, எல்லாம் அங்கேதான். ஏறுவது ஒழுங்கைப் பக்கத்துச் சின்னக் கதவால். படியடியில் பாருக்குள் திறக்கும் வாசலை மறைத்து அம்மாக்கள் ஒரு பழைய வொயில் சேலையைக் கட்டியிருந்தார்கள், பிள்ளைகளின் கண்ணில் போத்தல்கள் படக்கூடாதென்று. சேலைக்கு அந்தப் பக்கம் பப். இந்தப் பக்கம் ஹோல்.

சேலைக்கு அந்தப் பக்கத்தில் காசு போட்டுப் பேசும் ரெலிபோன் ஒன்று இருந்தது. எங்கள் ஆண்கள் எல்லாரும் திடீர் திடீரென்று யாருக்காவது ரெலிபோன் எடுக்க வேண்டியவர்களாக இருந்தார்கள். துரை மாமா, அப்பாவோடு பெற்றோல் ஷெட்டில் வேலைசெய்தவர், ஒரு பின்னேரத்தில் மூன்றுதரம் இறங்கிப்போவார். ஒருநாள் அவர் மனைவி செல்வராணி மாமி படியிலேயே மறித்தார்.

"ஆரோடை இவ்வளவு நேரம் கதைச்சனீங்கள்?"

"லைன் கிடைக்கேல்லையப்பா."

"ஓமோம். லைன் இஞ்சை வரைக்கும் மணக்குது."

அப்பா ஏலக்காய் சப்பிக்கொண்டு வருவார். அம்மா அவரைப் பார்க்காமல் பாயைச் சுருட்டுவார். எல்லாருக்கும் தெரியும், தெரியும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. இப்படியே நாலைந்து வருடம், ஒரு பழைய சேலையின் தயவில், நாங்கள் மானமாக இருந்தோம்.

எனக்குப் பதினொரு வயதானபோது, கம்பனி கட்டடத்தை இடித்து அடுக்குமாடி வீடுகள் கட்ட அனுமதி கேட்டது. பப்பை யாருமே பாவிப்பதில்லை என்பது அவர்கள் சொன்ன நியாயம். அக்கம்பக்கத்து ஆட்களைக் கேட்டுத்தான் முடிவு சொல்லுவோம் என்று கவுன்சில் ஒரு படிவம் விட்டது. மோறீன் ஒரு கட்டுப் படிவத்தோடு மாடிக்கு வந்து அப்பாவின் கையில் கொடுத்தார். கீழே வருகிற கிழவர்கள் ஆறு பேர், அவர்களின் சொல் எடுபடாது. நீங்கள் நாற்பது குடும்பம், கிழமை தவறாமல் வருகிறீர்கள், அதை எழுதினால் போதும், இடிக்கமாட்டார்கள் என்றார். இல்லாவிட்டால் சவுத்எண்டில் இருக்கும் தங்கச்சியின் வீட்டு மூலையில்தான் தன் கட்டில் என்று சிரித்துக்கொண்டு சொன்னார். அப்பா தலையாட்டினார். அந்த ஆட்டல் உண்மையானது என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

படிவம் நிரப்ப ஆங்கிலம் வேண்டும். பெரியவர்களின் ஆங்கிலம் பெற்றோல் ஷெட்டுக்கும் அரசாங்க உதவிப்பணம் தரும் பெனிபிட் ஒபிசுக்கும் போதும், அதற்கு மேல் நான். அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஹோலின் நடுவில் மேசை போட்டு என்னை இருத்தினார்கள். முதல் கேள்வியை வாசித்துச் சொன்னேன்: உங்கள் வீட்டில் யாராவது இந்தப் பப்பைப் பாவிக்கிறீர்களா?

செல்வராணி மாமிதான் தொடங்கினார். "நான் ரெண்டு குமர்ப்பிள்ளையளை வைச்சிருக்கிறன். பப்புக்குப் போற குடும்பமெண்டு கையெழுத்து வைக்கட்டோ? நாளைக்கு ஆர் வந்து பொம்பிளை கேப்பினம்?"

"அது மட்டுமே?" என்றார் துரை மாமா. "எங்கடை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. உந்தக் கடதாசி ஹோம் ஒபிசுக்குப் போகாதெண்டு ஆர் கண்டது? பெனிபிட் எடுத்துக் குடிக்கிறாங்களெண்டு எழுதுவான்."

நான் அப்பாவைப் பார்த்தேன். "அப்பா, நாங்கள் இப்ப இருக்கிறதே பப்பிலைதானே?"

சிரித்தார்கள். "வக்கீலம்மா, சொல்லுறதை எழுதுங்கோ" என்றார் துரை மாமா. அப்பா சிரிக்கவில்லை. சேலைத் திரைப் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு, "ஹோல் வேணுமெண்டு கீழை எழுது பிள்ளை. முதல் கேள்விக்கு இல்லை எண்டு போடு" என்றார்.

போட்டேன். ஒவ்வொரு குடும்பமாக வந்து மேசைக்கு முன்னால் நிற்க, பெயர், விலாசம், இல்லை. பெயர், விலாசம், இல்லை. அடியில், இந்தப் பகுதியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு மண்டபம் தேவை என்ற ஒரே வசனம். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கையெழுத்து என்னுடையது. ஒவ்வொரு இல்லையையும் வரம்பு கட்டினதுபோல வடிவாக எழுதினேன். பாதியில் மோறீன் பிள்ளைகளுக்குத் தோடம்பழ ரசம் கரைத்துத் தட்டில் கொண்டுவந்தார். குவிந்த கடதாசிகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, என் தலையில் கைவைத்து, "என் தங்கம்" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். இத்தனை வருடத்தில் எத்தனையோ கைகள் என் தலையைத் தொட்டிருக்கின்றன. பாரமாக இருந்தது அந்த ஒன்றுதான்.

கம்பனிக்கு அனுமதி கிடைத்தது. கவுன்சில் கூட்டத்துக்குப் போயிருந்த மோறீனுக்கு அந்தப் படிவக் கட்டை விரித்துக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை அவர் கதவைப் பூட்டிவைப்பார் என்று பயந்துகொண்டு போனோம். கதவு திறந்திருந்தது. ஹீட்டரும் போட்டிருந்தது. வகுப்பு முடிந்து நான் கடைசியாக இறங்கும்போது படியடியில் மோறீன் நின்றார். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் இத்தனை வருடம் எனக்கு இலேசாகப் போயிருக்கும்.

"உன் கையெழுத்து நல்ல அழகு" என்றார். "எல்லாமே ஒரே கையெழுத்து."

பூட்டும் நாள் வரைக்கும் எங்களுக்கு அந்த அறையைத் தந்தார். ரோல்ஸையும் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு சவுத்எண்டுக்குப் போனார், போனவர் போனவர்தான். படியடியில் அவர் சொன்னதை நான் வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர்கள் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

இப்போது அங்கே ஏழு மாடிக் கண்ணாடிக் கட்டடம். நாங்கள் கேட்ட மண்டபத்தைக் கீழ்த்தளத்தில் கட்டத்தான் செய்தார்கள், அதற்குள் சைக்கிள்கள் நிற்கின்றன. செல்வராணி மாமியின் குமர்ப்பிள்ளைகள் இருவரும் தாங்களே பார்த்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போன மாதம் என் மகனின் இருபத்தோராவது பிறந்தநாள் வால்தம்ஸ்டோவில் ஒரு பப்பில்தான்; பேரன் வாங்கிக்கொடுத்த கிளாசோடு அப்பா நடுமேசையில் இருந்தார், அம்மா படம் எடுத்தார். காலம் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டு, மன்னிப்புக் கேட்கவேண்டிய ஆளை மட்டும் கொண்டுபோய்விடுகிறது.

சில நாட்களுக்கு முன் நூலகத்தில், மறைந்துபோன துறைமுகப் பப்புகளைப் பற்றிய ஒரு சிறு பிரசுரம் கிடைத்தது. எங்களுடையதற்கு நான்கு வரி. கட்டப்பட்ட வரலாறு, நங்கூரப் பலகை, போர்க்காலத்துக் குண்டு. நாலாவது வரி: கடைசி ஆண்டுகளில் அக்கம்பக்கத்தவர்கள் இதை ஏறக்குறையப் பாவிக்கவேயில்லை. நான் எழுதிய இல்லைகளிலிருந்து வந்த வரி. அச்சில் என்னுடைய முதல் வசனம் அதுதான், யாருடைய பெயரும் இல்லாமல்.

வெளியே வந்து அப்பாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். "அது பிழையெண்டு எழுதட்டே அப்பா? நாங்கள் நாற்பது குடும்பம் அந்தப் பப்புக்குப் போனனாங்கள் எண்டு?"

பின்னால் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தது.

"எழுது பிள்ளை" என்றார். "நல்ல மனுசி அது. எழுதத்தான் வேணும்." கொஞ்சம் விட்டு, "என்ரை பேரை மட்டும் போட்டிடாதை" என்றார்.

போடவில்லை.