நாத்தனார் கழற்றிய தொட்டில்

இந்தப் பத்திரிகையை என் நாத்தனாரும் விடாமல் படிப்பார். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். என் மகள் யாழினிக்கு இரண்டரை வயது. நாலு பக்கமும் தடுப்பு வைத்த மரத்தொட்டிலில்தான் தூங்குவாள். குறிஞ்சிப்பாடியிலிருந்து வரும்போதெல்லாம் நாத்தனார், "இன்னும் கூண்டுல போட்டு வெச்சிக்கினு இருக்கியே, இது புள்ளையா, கோழிக்குஞ்சா?" என்று குத்துவார்.

"கட்டில்ல போட்டா தானா இறங்கி ரோட்டுக்குப் போயிடுவா அண்ணி" என்பேன். காதிலேயே வாங்க மாட்டார்.

போன மாதம் ஒரு மதியம் நான் குளித்துவிட்டு வருவதற்குள், தூங்கிக்கொண்டிருந்த யாழினியைப் பெரிய கட்டிலுக்கு மாற்றி, தொட்டிலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டார். சத்தம் போட்டால் குழந்தை எழுந்துவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நான் பாத்துக்கறேன், நீ துணியக் காயப்போடு, போ" என்றார்.

பின்பக்கம் போய்த் திரும்பினால் கட்டில் காலி. நாத்தனார் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். வாசல் கதவு திறந்து கிடந்தது. ஓடினேன். சுரங்கத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஷிப்ட் பஸ் ஒன்று நடுரோட்டில் நின்றிருந்தது. டிரைவர் யாழினியைத் தூக்கிப் பிடித்தபடி, "யார் வூட்டுப் புள்ளைங்க இது? நான் பிரேக் புடிக்கலன்னா என்னா ஆயிருக்கும்?" என்று கத்தினார்.

அதற்கும் நாத்தனார், "அதான் ஒண்ணும் ஆகலையே!" என்றார். அன்றைக்கே அவரை ஊருக்கு அனுப்பிவிட்டேன்.

தொட்டிலை மறுபடி மாட்டவில்லை; எப்படியும் ஒருநாள் பழக்கித்தான் ஆகவேண்டும் என்று இப்போது தரையில் மெத்தை போட்டு யாழினியைத் தூங்கவைக்கிறேன். கதவின் மேலே தாழ்ப்பாள் வைத்துவிட்டோம். நாத்தனார் பொறுப்பில் அவளை ஒரு நிமிடம்கூட விடுவதில்லை. மன்னிப்புக் கேட்டால் யோசிப்பேன். இதுவரை கேட்கவில்லை.