மேட்டில் மட்டும் புகைகிற வேன்

தெருவில் எல்லோருக்கும் அவள் மெக்கானிக் அக்கா. கல்யாணமாகி வந்தபோது ஸ்பேனருக்கும் கரண்டிக்கும் வித்தியாசம் தெரியாது என்று கணவர் இன்னும் கேலி செய்வார். பட்டறை அவருடையது. மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை சும்மா நிற்கப் பிடிக்காமல், ஒரு நாள் ஒரு கார்பரேட்டரைக் கழற்றிப் பார்த்தாள். திரும்ப மாட்டியும் விட்டாள். ஒரு திருகுகூட மிஞ்சவில்லை. அவர் மாட்டினால் குறைந்தது இரண்டு மிஞ்சும். இருபத்திரண்டு வருஷத்தில் மெல்ல மெல்ல இடம் மாறிப்போனது. இப்போது வண்டிக்கு அடியில் அவள். முன்பக்கத்து உதிரிபாகக் கடையில், மின்விசிறிக்குக் கீழே அவர். இதில் இருவருக்குமே வருத்தமில்லை.

வருத்தமெல்லாம் ஒரே ஒரு வண்டியால்தான். நாத்தனார் ஓட்டுகிற பள்ளிக்கூட வேன். பழைய பெட்ரோல் வேன். வழியில் ஒரு நீளமான மேடு உண்டு. அதில் ஏறும்போது இன்ஜின் விட்டுவிட்டு அடிக்கும், பின்னால் கரும்புகை கிளம்பும், சில நாள் பாதி மேட்டிலேயே நின்றுவிடும். பெட்ரோலை வேறு தண்ணீராகக் குடித்தது. ஒரு மாதத்தில் மூன்று தடவை பட்டறைக்கு வந்துவிட்டது. முதல் தடவை பிளக்கும் வயரும் மாற்றினாள். அடுத்த தடவை ஏர் ஃபில்டர். மூன்றாம் தடவை கார்பரேட்டரையே பிரித்து, உள்ளே இருக்கும் மிதவை ஓட்டையாகிப் பெட்ரோல் புகுந்திருக்கிறதா என்று காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். சத்தமே இல்லை. ஒவ்வொரு தடவையும் மேட்டில் ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்பினாள். அலுங்காமல் ஏறியது. திங்கள், செவ்வாய் நன்றாக ஓடும். புதன்கிழமை வாக்கில் செருமும். வெள்ளிக்கிழமை மானம் போகும்.

அன்று வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்கு நாத்தனார் வந்து இறங்கியபோதே முகம் சரியில்லை.

"மறுபடியும் நின்னுடுச்சு அண்ணி. பிள்ளைங்க எல்லாம் மேட்டுல இறங்கி நடந்துச்சு. ஸ்கூல் கேட்டுலயே நின்னு பாத்துட்டாங்க பெரிய டீச்சர். இன்னிக்கு சாயங்கால டிரிப்புல ஒருதரம் நின்னாலும் திங்கள்லேர்ந்து வேற வேன் சொல்லிடுவாங்களாம்."

"மூணரைக்குத்தானே மணி அடிக்கும்?"

"ஆமா."

"அப்ப நேரமிருக்கு. தள்ளி நில்லு."

கடையிலிருந்து கணவர் குரல் கொடுத்தார். "கார்பரேட்டரையே புதுசா மாத்திடலாமே. சரக்கு இருக்கு."

"உங்ககிட்ட சரக்கு இருக்குங்கறதுக்காக அதுக்கு நோய் வருமா? சும்மா இருங்க."

பிளக்கைக் கழற்றினாள். நான்கும் மை தீட்டினாற்போலக் கறுத்திருந்தன. தேவைக்கு மேல் பெட்ரோல் போகிறது, எரியாமல் கரியாகப் படிகிறது, பொறி சரியாக விழவில்லை. இவ்வளவும் அவளுக்கு ஒரு மாதமாகத் தெரியும். எங்கிருந்து, எப்போது போகிறது? அதுதான் தெரியவில்லை. துடைத்து மாட்டி மேட்டில் ஓட்டினாள். குதிரை மாதிரி ஏறியது. இன்னொரு தடவை. அப்படியே ஏறியது. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது.

பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் ஃபினாயில் வாசனை மூக்கில் ஏறியது. இருபது பிள்ளைகள் ஏறி இறங்கிய வேன். ஒரு பென்சில் சீவல்கூட இல்லை.

"ஏம்மா, வண்டியைக் கழுவிட்டா கொண்டு வந்தே?"

"பின்னே? எப்பவும் வீட்டுல எல்லாத்தையும் இறக்கி, கூட்டித் துடைச்சுட்டுத்தானே கொண்டு வரேன். நீங்கதானே எழுதி மாட்டியிருக்கீங்க."

மாட்டியிருந்தாள்தான். எவனோ ஒருத்தன் தன் குளிர்கண்ணாடியைக் காணோம் என்று சண்டை போட்ட பிறகு, தன் கையாலேயே பலகையில் எழுதியது: 'வண்டியைக் காலி செய்து கொண்டு வரவும்.' அவள் அந்தப் பலகையைப் பார்த்தாள். வேனைப் பார்த்தாள். சட்டென்று எழுந்தாள்.

"வீட்டுக்குப் போ. காலையில வண்டியில என்னென்ன இருந்துச்சோ ஒண்ணு விடாம எடுத்துட்டு வா. எது எங்க இருந்துச்சோ அங்கயே வைக்கணும்."

"குப்பைக்கூடையுமா?"

"குப்பையோட!"

அரை மணியில் எல்லாம் வந்தது. மிதியடி, தண்ணீர் கேன், குடை, குப்பைக்கூடை, துணிப்பை ஒன்று. பிள்ளைகளின் கனத்துக்கு என்ன செய்வது? மெக்கானிக் அக்கா கடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, கொஞ்சம் வந்து பின்னாடி உட்காருங்க."

"நானா?"

"இந்தக் கடையில நீங்கதான் கனமான சரக்கு."

குழந்தைகள் பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க அவர் உட்கார்ந்தார். பக்கத்தில் இரண்டு பேட்டரி, நான்கு ஆயில் டின். நாத்தனார் ஓட்டினாள், அண்ணி பக்கத்தில்.

மேடு தொடங்கியது. முதல் கால்வாசி ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு செருமல். டப். இன்னொரு டப். வண்டி உதறியது.

"புகை! புகை வருது!" என்று பின்னாலிருந்து கத்தினார் கணவர். தங்கை பிழைப்பு போகிற நேரத்தில் மனிதர் குரலில் அப்படியொரு குதூகலம்.

"நிறுத்தாதே, மிதி!" என்றாள் அவள். கண்கள் ஸ்டியரிங்கிலிருந்து கீழே, பக்கவாட்டில், ஒவ்வொன்றாக ஓடின. துணிப்பையில் வந்து நின்றன.

பை சாய்ந்திருந்தது. மேட்டுக்கு ஏற்றபடி பின்னால் சாய்ந்து, தான் தொங்கிய குமிழை முழுப் பாரத்தோடு இழுத்துக்கொண்டிருந்தது. அது ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிற சோக் குமிழ். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூடுதல் பெட்ரோல் கொடுக்க வெளியே இழுக்கிற குமிழ். ஒரு விரல் நீளம் வெளியே வந்திருந்தது.

அவள் பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குமிழை உள்ளே தள்ளினாள். இரண்டு டப். அப்புறம் இன்ஜின் ஒரே சீராகப் பாட ஆரம்பித்தது. வேன் உச்சியில் போய் நின்றது.

"நான் தினம் சோக்கை உள்ள தள்ளிட்டுத்தானே அண்ணி பையை மாட்டறேன்!"

"தள்ளிட்டுத்தான் மாட்டறே. கேபிள் தேஞ்சு போய் லூசா கிடக்கு. பை அதை மறுபடி இழுத்துடுது. இதுல என்ன இவ்வளவு கனம்?"

பிள்ளைகள் வண்டியில் விட்டுப்போகிற சாமான்கள். தண்ணீர் பாட்டில்கள், ஜியோமெட்ரி பெட்டிகள், ஒற்றைக் கால் ஷூ. வாரம் முழுக்கச் சேரும். வெள்ளிக்கிழமை நாத்தனார் வீட்டில் கொட்டி, பிரித்து, திங்களன்று திருப்பிக் கொடுப்பாள். மெக்கானிக் அக்காவுக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கியது. திங்களன்று வெறும் பை. வெள்ளியன்று மூட்டை. பட்டறைக்கு வரும்போது பையே கிடையாது.

"இதை ஏண்டி சோக்குல மாட்டினே?"

"வேற எங்க மாட்டறது? ஒரு கொக்கிகூட இல்லையே இந்த வண்டியில."

"கொக்கி நம்ம கடையில இருக்கு" என்றார் பின்னாலிருந்தவர், ஆயில் டின்களுக்கு நடுவிலிருந்து. ஒரு மாதத்தில் முதல்முறையாக அவர் சொன்ன சரக்கு தேவைப்பட்டது.

மூன்று மணிக்குள் கதவோரத் தூணில் கொக்கி ஏறியது, புதுக் கேபிளும் ஏறியது. மூன்றே முக்காலுக்கு அவள் கையைத் துடைத்தபடி தெருமுனையில் போய் நின்றாள். வேன் பிள்ளைகளோடு மேட்டில் வந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒரு டப் கிடையாது. ஒரு நூல் புகை கிடையாது. பெரிய டீச்சரும் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார், சோதிக்க வந்தவர். நாத்தனார் ஹாரனை அடித்த அடியில் மரத்துக் காக்கைகள் பறந்தன.

அன்றே மெக்கானிக் அக்கா பலகையை அழித்து எழுதினாள்: 'வண்டியை இருக்கிறபடியே கொண்டு வரவும்.'

மறுநாள் காலை ஒருத்தர் பழைய கார் ஒன்றைக் கொண்டுவந்தார். பின்சீட்டில் மாமனார், மாமியார், மூன்று பெட்டி, ஒரு டேபிள் ஃபேன்.

"வண்டி திணறுதுக்கா. பலகையைப் பாத்தேன். அதான் இருக்கிறபடியே..." என்று இழுத்தார்.

மாமியார் கதவைத் திறக்கப் போனார்.

"யாரும் இறங்காதீங்க" என்றாள் மெக்கானிக் அக்கா.