முன்கால் குட்டையான நாற்காலி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். சாட்சி கேட்பவர்களிடம் என் மைத்துனன் ஸுப்ஹியின் வாயைப் பார்க்கச் சொல்வேன். மேல்வரிசையில் மூன்று பல் இல்லை. மூன்றும் விழுந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அடித்தது யாரென்று பார்க்கவில்லை. அங்கே அடிப்பதற்கு யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமையானால் அலெக்சாந்திரியாவின் அத்தாரீன் சந்தையில் பழைய நாற்காலி தேடுவது என் வழக்கம். சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் போடும், கைப்பிடி இல்லாத ஒற்றை நாற்காலிகள். ஆறும் ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும் கடை நாற்காலிகள் எனக்குப் பிடிக்காது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டிலிருந்து வர வேண்டும். யாரோ உட்கார்ந்து, யாரோ எழுந்து போயிருக்க வேண்டும். அப்படி ஐந்து சேர்ந்துவிட்டன. ஆறாவதுதான் பாக்கி.

தேர்ந்தெடுக்க எனக்கென்று ஒரு முறை உண்டு. எடுத்ததும் உட்கார மாட்டேன். கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கம் பார்ப்பேன். மூட்டுகளை ஆட்டிப் பார்ப்பேன். திருகாணி கையால் செய்ததா என்று விரலால் தடவுவேன். மனிதர்கள் சாய்ந்து சாய்ந்து உட்காருவதால், உண்மையிலேயே பழசான நாற்காலியில் பின்கால்தான் அதிகம் தேய்ந்திருக்கும்.

கடைக்காரர் தர்வீஷ் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மாட்டு டாக்டர் மாதிரி பாக்கறீங்களே உஸ்தாத். என்ன, சினையா?"

அன்று கையில் கிடைத்த ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாற்காலியில் தேய்மானம் தலைகீழாக இருந்தது. கறுப்பு மெருகு போட்ட பீச் மரம். நிமிர்ந்த முதுகு. கனத்த பலகை இருக்கை. பின்கால்கள் புதிதுபோல இருந்தன. முன்கால்கள் இரண்டும் ஒரு விரல் அகலத்துக்குக் குட்டை.

"ஈரத்தரை, உஸ்தாத். சோப்புத் தண்ணி ஊத்தி ஊத்தியே இத்துப்போச்சு. கட்டை ஒட்டித் தரவா?"

"ஒட்டாதீங்க. அப்படியே வேணும்."

பழம்பொருள் பைத்தியங்களுக்கு இது ஒரு வியாதி. பிறத்தியார் கைபட்டால் அந்தப் பொருளே செத்துவிட்டது என்று நினைப்போம். அன்று அவர் அந்தக் கட்டையை ஒட்டியிருந்தால் இன்று நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

"எந்த வீட்டுச் சாமான்?"

"வீடு இல்ல. ஏதோ ஆபீஸ் ஏலம்."

எந்த நாற்காலியை விற்றாலும் அதன் உறுதியைக் காட்டத் தர்வீஷ் தொப்பென்று அதில் உட்காருவார். பெரிய உடம்பு. இதில் மட்டும் உட்காரவில்லை. கேட்டதற்கு இடுப்பு வலி என்றார்.

அன்று மாலை மக்னஸா புயல் வந்தது. எங்கள் ஊரில் நவம்பர் மழைக்கு அந்தப் பெயர், துடைப்பக்காரி. நாங்கள் குடியிருக்கும் இப்ராஹீமியாவில் தெரு முழுக்கத் தண்ணீர். லிஃப்ட் ஓடவில்லை. ஸுப்ஹிதான் நாற்காலியைத் தலையில் கவிழ்த்து மூன்று மாடி ஏற்றினான். மக்ரிப் பாங்கு சொல்லி முடித்தபோது கரண்ட் போனது.

என் மனைவி இன்ஸாஃப் மெழுகுவத்தி ஏற்றிப் பருப்பு சூப் கொண்டு வந்து வைத்தாள். ஸுப்ஹி புது நாற்காலியில்தான் உட்காருவேன் என்றான்.

"நான் சுமந்தது. முதல் உரிமை எனக்கு."

உட்கார்ந்தான். கொஞ்சம் முன்னால் வழுக்கினான். பின்னால் தள்ளி உட்கார்ந்தான். மறுபடி வழுக்கினான்.

"மச்சான், இது என்னை வெளிய தள்ளுது. உங்களை மாதிரியே இதுக்கும் விருந்தாளின்னா ஆகாது போல."

"வாய மூடிட்டு சூப்பைக் குடி," என்றாள் இன்ஸாஃப்.

தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். மூன்று பேர் கைகளும் மேசைமேல்தான் இருந்தன. பிறகு சிகரெட் வாசனை வந்தது. மட்டமான, தொண்டையைக் கரகரக்கும் புகை. எங்கள் வீட்டில் யாரும் புகைப்பதில்லை.

"ஜன்னல் திறந்திருக்கா?" என்று கேட்டேன்.

ஸுப்ஹியின் கரண்டி தரையில் விழுந்தது. அவன் இரண்டு கைகளும் நாற்காலி முதுகுக்குப் பின்னால் இருந்தன.

"ஏன்டா கையைக் கட்டிட்டு உக்காந்திருக்க?"

"நான் கட்டலைக்கா."

அவன் சிரிக்கவில்லை.

பளீர்...

அவன் தலை இடப்பக்கம் திரும்பியது. கன்னத்தில் ஐந்து விரல் சிவந்து எழும்பியது. மெழுகுவத்திச் சுடர் அசையவே இல்லை.

"மச்சான்..." என்றான் குழந்தை மாதிரி.

பளீர்.

இந்த முறை வலப்பக்கம். மூக்கிலிருந்து ரத்தம் சூப்பில் சொட்டியது. நான் எழுந்து ஓடி அவன் தோளைப் பிடித்தேன். இழுத்தேன். சுவரோடு சேர்த்துப் பூசியதுபோல இருந்தான். இன்ஸாஃப் அவன் கைகளை அவிழ்க்கப் பார்த்தாள். கயிறு இல்லை. ஆனால் மணிக்கட்டில் கயிறு அழுத்தும் பள்ளம் தெரிந்தது. அவள் விரல் பக்கத்திலேயே அது ஆழமாகிக்கொண்டு போனது.

அவன் கால்விரலால் தரையை உந்தி உந்தி மேலே ஏறினான். வழுக்கினான். ஏறினான். வழுக்கினான். ஒரு நொடிகூட ஓய்ந்து உட்கார முடியவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஈரம் தின்ற கால் இல்லை அது.

வேண்டுமென்றே அறுத்த கால்.

"தெரியாது, பாஷா," என்றான் ஸுப்ஹி.

எங்கள் ஊரில் போலீஸ் அதிகாரியைத்தான் பாஷா என்போம். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. என் தோளுக்கு மேலே பார்த்துச் சொன்னான்.

கேள்வி எங்களுக்குக் கேட்கவில்லை. பதில் மட்டும்தான் கேட்டது.

"சத்தியமா தெரியாது, பாஷா."

குத்து வயிற்றில் விழுந்தது. சட்டைத் துணி உள்ளே போய் வெளியே வந்தது.

மறுபடி.

மறுபடி.

வாயில் விழுந்தபோது பல் என் காலடியில் வந்து உருண்டது.

"என்ன கேக்கறான்? டேய், என்ன கேக்கறான்?" இன்ஸாஃப் அவன் முகத்தைப் பிடித்துக் கேட்டாள்.

"பேரு... ஒரு பேரு கேக்கறான்க்கா."

"யார் பேரு?"

"யார் பேருனாலும்..."

இரண்டாவது பல். மூன்றாவது. அவன் கழுத்து பின்னால் வளைந்தது. இன்னும் வளைந்தது. எலும்பு நெரியும் ஓசை கேட்டது. செத்துவிடுவான். அது எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

இன்ஸாஃபுக்கும் தெரிந்தது.

"தர்வீஷ்னு சொல்லு," என்றாள் மெதுவாக. "இதை வித்தவன். சொல்லு."

"தர்வீஷ்," என்றான் ஸுப்ஹி. "அத்தாரீன்ல. நாற்காலிக் கடை."

நின்றது.

கைகள் தாமாக முன்னால் விழுந்தன. அவன் தரையில் சரிந்தான். வாசல் கதவு மெதுவாகச் சாத்தும் சத்தம் கேட்டது. அதற்கு முன்பு அது திறந்த சத்தம் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மாடிப்படியில் விழுந்தான் என்று சொல்லிச் சேர்த்தோம். டாக்டர் அவன் மணிக்கட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

விடிந்ததும் நானும் இன்ஸாஃபும் நாற்காலியை டாக்ஸியில் ஏற்றி அத்தாரீனுக்குக் கொண்டுபோனோம். கடை முன்னால் கூட்டம். ஷட்டரை வெட்டித் திறந்திருந்தார்கள். தர்வீஷின் கால்கள் மட்டும் தெரிந்தன. மேலே ஒரு போர்வை. கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் போர்வை ஒரு பக்கம் மேடாக இருந்தது.

நாற்காலியோடு நின்ற எங்களைப் பார்த்துவிட்டு ஓர் இளம் போலீஸ் அதிகாரி வந்தார்.

"தெரிஞ்சவரா?"

"நான் இவரோட வாடிக்கைக்காரன்."

"உள்பக்கம் பூட்டிருக்கு. உள்ள வேற ஆளே இல்ல. ஆனா விடிய விடிய அடி வாங்கியிருக்காரு. அக்கம்பக்கத்துல எல்லாரும் கேட்டிருக்காங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "கடைசியா ஒரு பேரு சொன்னாராம். அதோட சத்தம் நின்னுடுச்சாம். இப்ராஹீமியா, மூணாவது மாடி, வஜ்தி. தெரியுமா உங்களுக்கு?"

வஜ்தி நான்தான். தெரியாதென்று தலையாட்டினேன்.

"உங்க பேரு என்ன?"

நாற்காலி முதுகைப் பிடித்திருந்த இன்ஸாஃப் முந்திக்கொண்டாள். "ஹில்மி. இவர் பேரு ஹில்மி."

உள்ளேயிருந்து யாரோ அதிகாரியைக் கூப்பிட்டார்கள். அவர் போய்விட்டார். நாற்காலியைச் சுவரோரம் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம்.

வீட்டுப் படியேறும்போதுதான் கேட்டேன்.

"ஏன் அந்தப் பேரு?"

"வாயில வந்துச்சு," என்றாள்.

ஹில்மி எங்கள் எதிர்வீட்டுக்காரர். தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். தனிக்கட்டை. கொய்யாப்பழம் வாங்கினால் எங்களுக்கும் இரண்டு கொடுப்பார்.

அன்று மாலை மழை விட்டிருந்தது. மக்ரிப் பாங்கு முடிந்தது. எதிர்க் கதவுக்குப் பின்னால் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

ஏதோ கனமான பொருளைத் தரையில் இழுத்தார்கள்.

பளீர்...

"தெரியாது, பாஷா," என்றது ஹில்மியின் குரல்.

எங்கள் கதவுக்கு இந்தப் பக்கம் நானும் இன்ஸாஃபும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்... அவர் யார் பெயரைச் சொல்லப்போகிறார் என்று.