குண்டு போடாமல் சுட்டவள்

என் மனைவிக்கு வேலை, ஒரு லேபில் ரத்தம் எடுப்பது. ஊசி ஏறியதே தெரியாது என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். அந்தக் கை துப்பாக்கி பிடிக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

லேபுக்கு மேல்மாடியில், காற்றழுத்தத்தில் சுடுகிற ஏர் ரைஃபிளுக்கென்று கிளப் ஒன்று திறந்தார்கள். நாள் முழுக்க டப் டப்பென்று சத்தம். சண்டை போடப் போகிறேன் என்று படியேறியவள், உறுப்பினராகி இறங்கி வந்தாள். இதை யாரிடம் சொல்லி அழுவது?

அன்று பிடித்தது சனி. புதியவர்களுக்குக் கொடுக்க கிளப்பில் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு ரைஃபிள். அதை அங்கே சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் இவளிடம் தந்துவிட்டு, முதல் போட்டியில் தகுதி மதிப்பெண் எடுத்தால் ஒரு வருடம் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும் என்றிருக்கிறார். அதோடு போயிற்று அவளுடைய சாப்பாடும் தூக்கமும்.

ஹால் சுவரில் மிளகளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி ஒட்டினாள். வீட்டில் குண்டு போட்டுச் சுட முடியாதே! அதனால் காலித் துப்பாக்கியைத் தூக்குவாள், மூச்சை அடக்குவாள், விசையை அழுத்துவாள், டிக்கென்றதும் இறக்குவாள். மறுபடி தூக்குவாள். சுடுகிறவர்கள் போடும் அந்த விறைப்பான கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு அவள் நிற்கும்போது ஹாலை யாரும் கடக்கக் கூடாது. டயர் கடையில் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்துவிட்டு வருகிற மனுஷன் நான், சமையலறைக்குச் சுவரோடு ஒட்டித்தான் நகர வேண்டும்.

"ஏம்மா, ஒரு வாய் தண்ணி குடிக்கவாவது விடுவியா?"

"அசையாதீங்க! பாருங்க, மூச்சு கலைஞ்சு போச்சு."

"உனக்குக் கலைஞ்சுதான் போச்சு. எனக்கு நின்னே போயிரும் போலிருக்கு."

தோற்றுத் தொலைந்தால் ஹாலாவது திரும்பக் கிடைக்கும் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

போட்டியன்று பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நன்றாகத்தான் சுட்டுக்கொண்டிருந்தாள். முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. தூக்கினாள், மூச்சை அடக்கினாள், அழுத்தினாள். துப்பாக்கி புஸ்ஸென்றது. மதிப்பெண் காட்டும் திரையில் ஒன்றும் விழவில்லை.

அடிப்பாவி, குண்டே போடவில்லை! வீட்டில் தினமும் செய்ததை அப்படியே கை செய்துவிட்டது. நடுவர் வந்து பார்த்தார். காற்று வெளியே போனால் சுட்டதாகத்தான் கணக்காம். பூஜ்யம்.

அதற்குப் பிறகும் அவள் கலங்காமல்தான் சுட்டாள். ஆனாலும் தகுதிக்கு மூன்று மதிப்பெண் குறைந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாஸ்டரை வழிமறித்தேன்.

"வீட்ல காலியா சுடச் சொன்னதே நீங்கதானே சார்? வெறும் காத்துதானே போச்சு! இன்னொரு தடவ சுட விட்டா என்ன குறைஞ்சு போயிரும்?"

"எல்லாருக்கும் அதே ரூல்தாங்க."

"ரூலாம் ரூல்! என் வீட்ட ரெண்டாக்கினீங்களே, அதுக்கு எந்த ரூலு?"

அவர் வாசலைக் காட்டினார். அவள் ரைஃபிளைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து, அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். பைக்கில் என் பின்னால் ஏறிக்கொண்டாள். எனக்கானால் இருப்புக் கொள்ளவில்லை.

"சரி, போனா போகுது. விடும்மா."

"போனா போகுதா?" என்று வெடித்தாள். "கல்யாணம் ஆனதுலருந்து எது போனாலும் இதையேதான் சொல்றீங்க. நானும் சரி சரின்னு விட்டுட்டேதான் வந்திருக்கேன். இது மட்டும் போகக் கூடாதுன்னு நெனச்சேங்க. இது ஒண்ணு மட்டும்."

முதுகுக்குப் பின்னால் அழுகிறாள் என்று தெரிந்தது. யார்மேல் எரிந்து விழுவது என்றுகூடத் தெரியவில்லை. பைக்கைத் திருப்பினேன்.

"எங்க போறீங்க?"

"அடுத்த போட்டி எப்பன்னு அந்த மாஸ்டர்கிட்ட கேக்க."

"நீங்க கத்துன கத்துக்கு அவர் உங்கள உள்ளயே விடமாட்டாரு."

"அப்ப நீ போய்க் கேளு. நான் வாசல்லயே நிக்கிறேன்."