சிவம்மாவின் அகசேப் பொடி

நேற்று பிரேசர் டவுன் கடையொன்றில் வறுத்த ஆளி விதை வாசனை மூக்கில் ஏறியது. கண்ணாடிப் புட்டி, பச்சை லேபிள், மேலே 'மாதவிடாய் நிற்கும் காலத்துக்கு' என்று அழகான எழுத்து. அதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. எழுத உட்கார்கிறேன், எழுந்து ஃபேனைப் போடுகிறேன், குளிர்கிறது என்று அணைக்கிறேன். வயசு அப்படி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆளி விதைக்கு எங்களிடம் கன்னடப் பேர்தான், அகசே. அப்போது சிவாஜிநகரில் ஒரு மாடியில் தையல் கூடம். நான் அங்கே ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிற சின்னப்பெண். வைத்ததைவிடப் பிரித்ததுதான் அதிகம். கதவோரத்து மெஷின் ஸ்டெல்லா அக்காவுடையது. ஐம்பதைத் தாண்டியவள். பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று கழுத்திலிருந்து அனல் ஏறும், முகம் சிவக்கும். முந்தானையால் விசிறிக்கொண்டே, "யாருடீ எனக்குள்ள அடுப்பு பத்தவெச்சது?" என்பாள்.

எதிர் மெஷினில் சிவம்மா, தார்வாடு பக்கத்துக்காரி. தமிழைக் கன்னடத்தில் ஊறவைத்துப் பேசுவாள். "அடுப்பு இர்லி, இருக்கட்டும். மொதல்ல அந்தக் காப்பிய நிறுத்து" என்று சொல்லி, அகசேச் சட்னிப் பொடியை டப்பா நிறையக் கொண்டுவந்தாள். பூண்டும் மிளகாயும் மணக்கும். நானும் கை நீட்டினால், "உனக்கு எதுக்குடீ? உனக்கு புத்தியே இன்னும் ஆரம்பிக்கல" என்று ஸ்டெல்லா அக்கா டப்பாவை இழுத்துக்கொள்வாள்.

சில வாரத்தில் அனல் குறைந்தது என்றாள். பொடியாலா, காப்பியை விட்டதாலா, யார் கண்டது.

அப்புறம் ஒரு நாள். மாதவிடாய் நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டவள், மெஷின் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்தாள்: "ஏய், எனக்கு திரும்ப வந்துடுச்சுடீ. சிவம்மா பொடி என்னைக் குமரியாக்கிடுச்சு."

கூடமே சிரித்தது. மைசூர்பாகு வாங்க ஆள் போகிற அளவுக்கு. சிவம்மா மட்டும் கத்தரியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"நோடு ஸ்டெல்லா, இங்க பாரு, என் பொடிக்கு அஷ்டு சக்தி எல்லாம் இல்ல. எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"போடீ, உனக்குப் பொறாமை."

"பொறாமைதான். ஆட்டோ கூப்பிடறேன்."

பை தூக்க நானும் போனேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். ஹார்மோன் குறையும்போது மூளையில் சூட்டைப் பார்த்துக்கொள்கிற இடம் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் பதறிப்போய் வேர்க்க வைக்கிறதாம். ஆளி விதையில் அந்த ஹார்மோன் ஜாடையில் ஏதோ கொஞ்சம் இருக்கிறதாம், ரொம்ப மெலிசு. சிலருக்கு லேசாகக் கேட்கலாம், சிலருக்கு ஒன்றுமே கேட்காது. "ஆனா நின்னதைத் திரும்ப வரவைக்காதும்மா. அப்படி ரத்தம் பட்டா உடனே பார்த்துடணும்."

பார்த்தார்கள். கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்று தொடங்கியிருந்தது. தொடக்கம்தான் என்பதால் கர்ப்பப்பையை எடுத்ததும் அக்கா பிழைத்தாள். மெஷினுக்குத் திரும்பி வந்த அன்றைக்கு முதல் கேள்வி, "டப்பா எங்கடீ?"

அந்த மாடியில் இப்போது மொபைல் கடை. அக்கா மகளோடு ஓசூர் போய்விட்டாள், சிவம்மா தார்வாடுக்கே. அதுகூடப் பரவாயில்லை. இன்று நான் வேலை பார்க்கும் 'பொட்டிக்' தையல் கடையில் ஏசி ஓடுகிறது, ஆளுக்கொரு இயர்போன். உடம்பில் நடப்பதை உரக்கச் சொல்லி, நாலு பேர் சிரித்து, ஒருத்தி சிரிக்காமல் பார்க்கிற இடம் எதுவும் இல்லை. எனக்கு அனல் ஏறினால், "ஒரு போன் வருது" என்று வராந்தாவுக்குப் போகிறேன். அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ம், சொல்லு சொல்லு" என்கிறேன்.