ஓரம் கட்டிய வேன்

இரவு ஷிப்ட் முடித்த பெண்களை ஒரகடம் தொழிற்பேட்டையிலிருந்து உத்திரமேரூர்ப் பக்கத்து ஊர்களில் இறக்கிவிடும் வேன் ஓட்டுகிறேன். பகலிலும் வாடகைக்குப் போனதால் தூக்கம் போதவில்லை. அதை ஈடுகட்ட வைட்டமின் மாத்திரை, கஃபீன் மாத்திரை என்று வேளை தவறாமல் போட்டுவந்தேன். கண் மூடாதவரை விழித்திருப்பதாகவே நம்பினேன்.

ஒருநாள் காலை, கண் திறந்தபடியே காவாந்தண்டலம் நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன். அங்கே இறங்கவேண்டிய செல்வி பலமுறை கூப்பிட்ட பிறகுதான் காதில் விழுந்தது.

"இன்னாண்ணே, என் ஊரு தாண்டிப் பூட்சி. வண்டிய ஓரங்கட்டு."

"ஒண்ணுமில்லம்மா, மாத்திரை போட்டுக்கினுதான் கீறேன்."

"மாத்திரையா வண்டி ஓட்டுது? கொஞ்சம் படு. நாங்க குந்திக்கினு கீறோம்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். வேனை நிறுத்தி ஸ்டியரிங்கில் சாய்ந்தேன்.

விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. இரவெல்லாம் நின்று வேலை செய்த பெண்கள் அத்தனை பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நடந்தே வீட்டுக்குப் போயிருக்கக்கூடிய செல்வி, போனில் வீட்டாரிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளைய நீயே கெளப்பி ஸ்கூலுக்கு அனுப்பு. டிரைவர் அண்ணன் தூங்கிக்கினு கீது."

வேனைத் திருப்பி அவளை அவள் ஊரில் இறக்கிவிட்டேன். அன்றோடு பகல் வாடகையை விட்டேன். வருமானம் குறைந்தது, களைப்பும் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் இப்போது தூக்கம் வந்தால், "ஓரங்கட்டட்டுமா?" என்று அவர்களிடமே கேட்டுவிடுகிறேன்.